மாணவர் அறிவியல் கண்காட்சிகள்: நடுவர்கள் எதைப் பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள்?

பள்ளி அளவிலான கண்காட்சியில் தொடங்கிப் பன்னாட்டுப் போட்டிவரை செல்ல விரும்பும் மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும் வழிகாட்டி ஆசிரியர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. போட்டி விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன. ஆகவே படிவங்களை நிரப்பும் முன் அந்தந்த ஆண்டின் விதிநூலை முழுவதும் படித்துவிட வேண்டும்.

எல்லா அறிவியல் கண்காட்சிகளும் ஒரே வகையான போட்டிகள்தாமா?

இல்லை. பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் நம் மாணவர்கள் பங்கேற்கும் போட்டிகள் மூன்று வகைப்படும். முதல் வகை, மாதிரிகளைச் செய்து காட்டும் கண்காட்சி. என்.சி.இ.ஆர்.டி. நடத்தும், இன்று ராஷ்ட்ரிய பால் வைஞானிக் பிரதர்ஷனி என்று அழைக்கப்படும் தேசியக் கண்காட்சியும், அதற்கு மாணவர்களை அனுப்பும் மாவட்ட, மாநிலக் கண்காட்சிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகை, எண்ணத்துக்கு முதலிடம் தரும் போட்டி. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க நிறுவனமும் இணைந்து நடத்தும் இன்ஸ்பயர்-மானக் திட்டத்தில், பள்ளி வழியாக அனுப்பப்படும் எண்ணம் தேர்வானால், அதைச் செய்துபார்க்க மாணவருக்கு 10,000 ரூபாய் வழங்கப்படுகிறது; அதன் பிறகே மாவட்டப் போட்டி தொடங்குகிறது.

மூன்றாம் வகை, ஆய்வை எடைபோடும் போட்டி. 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, ஐரிஸ் தேசியக் கண்காட்சி, ஐசெஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பன்னாட்டு அறிவியல் பொறியியல் கண்காட்சி ஆகியவை இதில் அடங்கும். இங்கே மேசைமீது அசையும் பொருள் எதுவும் இல்லாமலே முதல் பரிசு வாங்க முடியும். மாதிரிக் கண்காட்சிக்குச் செய்ததை அப்படியே ஆய்வுப் போட்டிக்கு எடுத்துச் செல்வதுதான் நம் பள்ளிகளில் அடிக்கடி காணப்படும் பிழை. சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்கவைக்கும் எரிமலை பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் அதற்குள் விடை தெரியாத கேள்வி எதுவும் இல்லாததால், ஆய்வுப் போட்டியின் நடுவர் அதற்கு எந்தத் தலைப்பின்கீழும் மதிப்பெண் இட முடியாது.

ஐசெஃப் என்பது என்ன? அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா?

1950-இல் பிலடெல்ஃபியா நகரில் அமெரிக்காவுக்குள் மட்டும் நடந்த போட்டியாகத் தொடங்கி, 1958-இல் பிற நாட்டு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, இன்று பள்ளி மாணவர்களுக்கான மிகப் பெரிய ஆய்வுப் போட்டியாக வளர்ந்திருப்பது ஐசெஃப். சொசைட்டி ஃபார் சயின்ஸ் என்ற அமைப்பு இதை நடத்துகிறது. 1997 முதல் 2019 வரை இன்டெல் நிறுவனம் முதன்மைப் புரவலராக இருந்தது. 2020 முதல் ரீஜெனரான் என்ற மருந்து நிறுவனம் அந்த இடத்தில் உள்ளது. ஆண்டுதோறும் மே மாதத்தில் அமெரிக்க நகரம் ஒன்றில் கூடும் இப்போட்டியில், அண்மை ஆண்டுகளில் 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 1,600-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்கின்றனர்.

நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஐசெஃப்புடன் இணைக்கப்பட்ட கண்காட்சி ஒன்றில் தேர்வாகித்தான் செல்ல வேண்டும். இந்திய அணியை ஐரிஸ் கண்காட்சி தேர்ந்தெடுக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்களுக்குச் சிங்கப்பூர் அறிவியல் பொறியியல் கண்காட்சி அந்த வழியாக அமைகிறது. 9 முதல் 12-ஆம் வகுப்புவரை படிப்பவர்கள் தனியாகவோ, அதிகபட்சம் 3 பேர் கொண்ட குழுவாகவோ பங்கேற்கலாம்.

வயதில் சிறிய மாணவர்கள் எதில் சேரலாம்?

குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கானது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இளையோர் பிரிவிலும் மற்றவர்கள் மூத்தோர் பிரிவிலும் போட்டியிடுவர். ஒரு மையக் கருப்பொருளின்கீழ், தம் ஊரின் சிக்கல் ஒன்றை எடுத்து, நேரில் சென்று தரவு சேகரித்து, அறிக்கை எழுத வேண்டும் என்பது இதன் அடிப்படை. தமிழ்நாட்டில் இதை நெடுங்காலமாக ஒருங்கிணைத்து வருவது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். பன்னாட்டுப் போட்டியின்மீது கண் வைத்திருக்கும் மாணவருக்கும் இதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை என்றே சொல்வேன். ஏனெனில் இங்கே ஊர் மக்களிடம் பேசித் தரவு வாங்கிய மாணவர், நடுவரிடம் பேசத் தயங்குவதில்லை.

மதிப்பெண்கள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன?

இரண்டு போட்டிகளின் பங்கீட்டை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். என்.சி.இ.ஆர்.டி. கண்காட்சியின் வழிகாட்டுதலில், மாணவரின் சொந்தக் கற்பனைக்கும் படைப்பாற்றலுக்கும் 20 விழுக்காடு தரப்படுகிறது. புதுமை, அறிவியல் சிந்தனை, செய்நேர்த்தி, பயன்பாடு ஆகிய நான்கும் ஒவ்வொன்றும் 15 விழுக்காடு பெறுகின்றன. செலவுக் குறைவு, எளிதில் தூக்கிச் செல்லும் தன்மை, நீடித்து உழைத்தல் ஆகியவற்றுக்குச் சேர்த்து 10 விழுக்காடும், விளக்கிக் காட்டுவதற்கு 10 விழுக்காடும் எஞ்சுகின்றன.

ஐசெஃப்பில் மொத்தம் 100 மதிப்பெண். ஆய்வுக் கேள்விக்கு 10, வடிவமைப்புக்கும் முறையியலுக்கும் 15, செயல்படுத்துதலுக்கு 20, படைப்பாற்றலுக்கு 20, எடுத்துரைப்புக்கு 35. செயல்படுத்துதல் என்பது அறிவியல் ஆய்வுகளில் தரவு சேகரித்து, பகுத்து, பொருள் கொள்வதையும், பொறியியல் திட்டங்களில் கருவியைக் கட்டிச் சோதிப்பதையும் குறிக்கும். எடுத்துரைப்புக்கான 35-இல் 10 மட்டுமே சுவரொட்டிக்குச் செல்கிறது. மீதி 25-உம் நடுவருடன் நேருக்கு நேர் நடக்கும் உரையாடலுக்கு உரியது.

இந்த 25 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். பங்கீட்டில் தனித்து நிற்கும் பகுதிகளிலேயே இதுதான் மிகப் பெரியது. மாணவர் தன் வேலையை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார், அதன் அடிப்படை அறிவியல் அவருக்குத் தெரியுமா, முடிவுகளின் வரம்பு எதுவரை என்பதை அறிந்திருக்கிறாரா, எவ்வளவு தூரம் தானாகச் செய்தார், குழுவென்றால் எல்லோரும் பங்களித்தார்களா என்பனவற்றை நடுவர் இந்த உரையாடலில்தான் எடைபோடுகிறார். பலகைக்கு ஒரு மாதமும் உரையாடலுக்கு ஒரு மாலையும் ஒதுக்கும் மாணவர்கள், 10 மதிப்பெண்ணுக்காக 25-ஐக் கைவிடுகிறார்கள்.

நல்ல ஆய்வுக் கேள்வியை எப்படி அமைப்பது?

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பின்வரும் பதில்களிலும் அதையே பயன்படுத்துவோம். கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிடும் வழக்கம் நம் ஊர்களில் மிகப் பழையது. சங்கப் பாடலிலேயே அதற்குச் சான்று உண்டு. “தேற்றான்கொட்டை நீரைத் தெளியவைக்குமா?” என்று ஒரு மாணவர் கேட்டால், அது ஆய்வுக் கேள்வி ஆகாது, ஏனெனில் விடை எல்லோருக்கும் தெரியும். “இயற்கை முறையில் நீர்ச் சுத்திகரிப்பு” என்று தலைப்பிட்டாலும் பயனில்லை. அதில் அளப்பதற்கு எதுவும் இல்லை.

“ஒரு லிட்டர் களிமண் கலங்கல் நீரை 30 நிமிடத்தில் 5 என்.டி.யு. அளவுக்குக் கீழே கொண்டுவரத் தேற்றான்கொட்டைப் பொடி எவ்வளவு தேவை, அதே வேலைக்குப் படிகாரம் எவ்வளவு தேவை?” என்று கேட்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. இதில் மாற்றப்படுவது எது, அளக்கப்படுவது எது, எந்த அலகில், எதனுடன் ஒப்பிடப்படுகிறது என்பவை எல்லாம் கேள்விக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. என்.டி.யு. என்பது நீரின் கலங்கலை அளக்கும் அலகு. இங்கே 5 என்பதும் கைபோன போக்கில் எடுத்த எண் அன்று. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கலங்கலின் ஏற்கத்தக்க அளவு 1 என்.டி.யு.; வேறு நீர் கிடைக்காத நிலையில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு 5. இத்தகைய ஓர் எண்ணை அடியாகக் கொண்டு கேள்வி எழுப்பும் மாணவர், தலைப்பைப் பற்றி ஆழமாகப் படித்திருக்கிறார் என்பது நடுவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

சோதனையை எத்தனை முறை செய்ய வேண்டும்?

விதியில் எண் கிடையாது. ஒரு முறை செய்த சோதனைக்கு வடிவமைப்புக்கான மதிப்பெண் கிடைக்காது. மூன்று முறை என்பது குறைந்த அளவு. ஐந்தாறு முறை செய்தால் சராசரியுடன், அளவீடுகள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதைச் சொல்லும் திட்ட விலக்கத்தையும் நம்பிக்கையோடு காட்டலாம். அதைவிட முக்கியமானது, எதுவும் சேர்க்காத ஒப்பீட்டுக் குடுவை. கலங்கல் நீர் சும்மா வைத்தாலும் ஓரளவு தெளியும் என்பதால், அந்தக் குடுவை இல்லாத ஆய்வில் கொட்டை செய்த வேலை எது, நேரம் செய்த வேலை எது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே அளவு பீக்கர், ஒரே கலக்கல் வேகம், ஒரே மண், ஒரே வெப்பநிலை ஆகியவை பேணப்பட்டனவா என்பதையும் நடுவர் பார்ப்பார்.

அளவீட்டுக் கருவி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒளியுணர் மின்தடை ஒன்றையும் எல்.இ.டி. விளக்கையும் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, தெரிந்த கலங்கல் அளவுள்ள நீர்மங்களைக் கொண்டு அளவுதிருத்தம் செய்து, அதன் பிழை வரம்பையும் சொல்லும் மாணவரை, கல்லூரியில் இரவல் வாங்கிய கருவியின் எண்ணை மட்டும் வாசிக்கும் மாணவரைவிட நடுவர்கள் உயர்வாகவே மதிப்பார்கள்.

எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்றால் பரிசு வாய்ப்பு போய்விடுமா?

போகாது. கருதுகோள் சரியானதா என்பதற்கு எந்தப் பட்டியலிலும் மதிப்பெண் இல்லை. சொல்லப்போனால், எதிர்பாராத முடிவு உரையாடலுக்கு நல்ல விருந்து. தேற்றான்கொட்டைப் பொடியை அளவுக்கு மேல் சேர்த்தபோது கலங்கல் மீண்டும் கூடியது என்று வைத்துக்கொள்வோம். அதை மறைத்து வரைபடத்தின் கடைசிப் புள்ளியை அழித்துவிடும் மாணவர் ஒருவர். அந்தப் புள்ளியை வட்டமிட்டுக் காட்டி, களிமண் துகள்களின்மேல் உள்ள மின்னூட்டம் எதிர்ப்பக்கமாக மாறினால் துகள்கள் மீண்டும் ஒன்றையொன்று விலக்கும், அல்லது பொடியே கலங்கலைக் கூட்டியிருக்கலாம், இவற்றில் எது என்று பிரித்தறிய இன்ன சோதனை செய்ய வேண்டும் என்று சொல்லும் மாணவர் மற்றொருவர். இரண்டாமவருக்குத் தரவுப் பகுப்பாய்வு, படைப்பாற்றல், நேர்காணல் ஆகிய மூன்றிலும் மதிப்பெண் ஏறும்.

தரவைப் புனைவதும், பிறர் வேலையைத் தன்னுடையதாகக் காட்டுவதும் தகுதிநீக்கத்துக்குரியவை. இதில் விலக்கு இல்லை.

நேர்காணலில் என்னென்ன கேட்பார்கள்?

மனப்பாடம் செய்த உரையை முழுவதும் கேட்க நடுவருக்குப் பொறுமை இருக்காது. ஓரிரு நிமிடங்களில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்பார். அது அவமதிப்பன்று, அவருடைய வேலையே அதுதான். இந்த எண்ணம் எப்படித் தோன்றியது, ஏன் 30 நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தாய், ஒப்பீட்டுக் குடுவையிலும் நீர் தெளிந்திருக்கிறதே அதை எப்படிக் கழித்தாய், உன் கருவி இரண்டு என்.டி.யு. தவறாகக் காட்டினால் உன் முடிவு நிற்குமா, இதில் நீ செய்யாத பகுதி எது, இன்னும் ஆறு மாதம் கிடைத்தால் என்ன செய்வாய் என்பனபோன்ற கேள்விகள் ஏறத்தாழ எந்தப் போட்டியிலும் வரும்.

இந்த எடுத்துக்காட்டில் எதிர்பார்க்க வேண்டிய கடினமான கேள்வி வேறொன்று: “தெளிந்த நீர் குடிக்கத்தக்க நீரா?” நீர் கண்ணுக்குத் தெளிவாக இருப்பதும் நோய்க்கிருமிகள் இல்லாமல் இருப்பதும் வெவ்வேறு செய்திகள். துகள்களுடன் ஒட்டிக்கொண்டு கிருமிகளில் ஒரு பகுதி அடியில் படியலாம். ஆனால் முழுவதும் நீங்கும் என்று சொல்ல முடியாது. விதைப் பொடியிலிருந்து கரையும் கரிமப் பொருள்கள், நீரைத் தேக்கிவைக்கும்போது நுண்ணுயிர்களுக்கு உணவாகவும் ஆகலாம். “என் ஆய்வு கலங்கலை மட்டுமே அளந்தது, குடிநீர் என்று சொல்ல எனக்குச் சான்று இல்லை, கொதிக்கவைத்தோ குளோரின் சேர்த்தோதான் பயன்படுத்த வேண்டும்” என்று ஒரு மாணவர் விடை சொன்னால், ஆய்வின் வரம்பை அறிந்தவர் என்று நடுவர் குறித்துக்கொள்வார். “எங்கள் கண்டுபிடிப்பு கிராமங்களின் குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்கும்” என்று முழங்கும் மாணவர் அந்த இடத்திலேயே மதிப்பெண் இழப்பார். நம் பள்ளிகளில் மேடைப்பேச்சுப் பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்கு இந்த இரண்டாம் வகை விடை எளிதாக வந்துவிடுகிறது. ஆசிரியர்கள் இதைத் தொடக்கத்திலேயே திருத்துவது நல்லது.

விடை தெரியாத கேள்விக்கு “தெரியவில்லை, ஆனால் இப்படிக் கண்டுபிடிக்க முயல்வேன்” என்று சொல்வதால் குறையொன்றும் இல்லை.

பெற்றோரும் ஆசிரியரும் எவ்வளவு உதவலாம்?

பாதுகாப்பைக் கவனிப்பது, கருவி வாங்கித் தருவது, தெரிந்தவரிடம் அழைத்துச் செல்வது, கேள்வி கேட்டு மாணவரைச் சிந்திக்கவைப்பது ஆகியவை முறையான உதவிகள். தரவை எடுப்பதும், பகுப்பதும், அறிக்கை எழுதுவதும் மாணவரின் வேலை. அப்பா நிரல் எழுதிக் கொடுத்த செயலியை மகள் காட்டினால், மூன்றாவது கேள்விக்குள் அது வெளிப்பட்டுவிடும்.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் பணியாற்றிய மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐசெஃப்பில் அத்தகையோர், எண்ணம் யாருடையது, எந்தக் கருவியை யார் இயக்கினார், மாணவர் எவ்வளவு சுதந்திரமாகச் செயல்பட்டார் என்பனவற்றை மேற்பார்வையாளர் எழுதிக் கையொப்பமிடும் படிவத்தைக் காட்சியிடத்தில் வைக்க வேண்டும். நடுவர் அதைப் படித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். ஆயினும், ஆய்வக வசதி உள்ள நகரத்து மாணவருக்குக் கிடைக்கும் சாதகத்தை இந்தப் படிவம் முழுமையாகச் சமன் செய்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. கருவியும் வழிகாட்டியும் கிடைக்கும்போது கேட்கக்கூடிய கேள்விகளின் பரப்பே விரிந்துவிடுகிறது.

குறைந்த செலவில் வெல்ல முடியுமா?

முடியும். 1997-இல் அமெரிக்காவின் ஐடஹோ ஃபால்ஸ் நகரில் 14 வயது மாணவர் ஒருவர், டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்ற வேதிப்பொருளைத் தடைசெய்யலாமா என்று தம் பள்ளியின் 50 மாணவர்களிடம் கேட்டார். அது அமில மழையில் இருக்கிறது, உள்ளிழுத்தால் உயிரைப் பறிக்கும், உலோகத்தை அரிக்கும் என்று அவர் கொடுத்த தகவல்கள் அனைத்தும் உண்மையே. 43 பேர் தடைசெய்யலாம் என்றனர்; ஒரே ஒருவர்தான் அது தண்ணீர் என்று கண்டுகொண்டார். நாம் எவ்வளவு எளிதில் ஏமாறுகிறோம் என்பதே அவருடைய ஆய்வுக் கேள்வி. செலவு சில தாள்கள். அவ்வட்டாரக் கண்காட்சியில் முதல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

எண்ணத்துக்கு முதலிடம் தரும் போட்டிகளில் ஊர்ச் சூழலே முதலீடு. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்பவர்கள் கரி எரிப்பதைக் கண்டு, சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் இக்னைட் விருதை 2019-இல் பெற்ற அவர், 2021-இல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கும் தேர்வானார். இன்ஸ்பயர்-மானக் போட்டியிலும் நடுவர்கள் இதே கோணத்தில்தான் பார்க்கிறார்கள்: எண்ணம் புதியதா, சமூகத்துக்குப் பயன்படுமா, சுற்றுச்சூழலுக்கு ஏற்றதா, கையாள எளிதா, இப்போது புழக்கத்தில் இருப்பதைவிட எந்த வகையில் மேலானது என்பனவே அவர்களின் அளவுகோல்கள்.

சோதனை தொடங்கும் முன் அனுமதி பெற வேண்டுமா?

ஐசெஃப்பை இலக்காகக் கொண்டவர்களுக்கு இது மிக முக்கியமான கேள்வி. நல்ல ஆய்வுகள் பல இந்த இடத்தில்தான் நடுவரைக் காணாமலே வெளியேறுகின்றன. மனிதர்கள், முதுகெலும்புள்ள விலங்குகள், நோய் உண்டாக்கக்கூடிய நுண்ணுயிர்கள் ஆகியவற்றோடு தொடர்புள்ள ஆய்வுகளுக்கு, சோதனை தொடங்கும் முன்பே குழு ஒன்றின் ஒப்புதல் தேவை. முடித்துவிட்டுப் பின்தேதியிட்டு வாங்கிய கையொப்பம் செல்லாது.

மனிதர்கள் என்றவுடன் மருத்துவச் சோதனையை மட்டும் நினைக்க வேண்டாம். தெருவில் 30 வீடுகளில் எடுக்கும் கருத்துக்கணிப்பும், வகுப்புத் தோழர்களைச் செயலி ஒன்றைப் பயன்படுத்தச் சொல்லிக் கருத்துக் கேட்பதும் இதில் அடங்கும். கல்வியாளர் ஒருவர், பள்ளி நிர்வாகி ஒருவர், மருத்துவம் அல்லது உளநலம் அறிந்தவர் ஒருவர் எனக் குறைந்தது மூவர் கொண்ட குழு, கேள்வித்தாளைப் பார்த்து முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். அந்தக் குழுவில் மாணவரின் பெற்றோரோ வழிகாட்டியோ இருக்கக் கூடாது.

நுண்ணுயிர் விதி நம் மாணவர்களை இன்னும் எளிதில் சிக்கவைக்கிறது. வீட்டில் பாக்டீரியா வளர்க்கவே கூடாது. தீங்கற்ற வகையாக இருந்தாலும் தடைதான். நம் எடுத்துக்காட்டு மாணவர், தெளிந்த நீரில் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கலாம் என்பதைக் காட்டும் பாக்டீரியா வகை) உண்டா என்று பார்க்க விரும்பினால், நீர் மாதிரியை வீட்டில் சேகரிக்கலாம். வளர்ப்பதும் எண்ணுவதும் உரிய பாதுகாப்புள்ள ஆய்வகத்தில், தகுதியுள்ள மேற்பார்வையாளர் முன்னிலையில் நடக்க வேண்டும். சமையலறையில் பெட்ரி தட்டு வைத்து எடுத்த தரவு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஏற்கப்படாது.

முதுகெலும்புள்ள விலங்குகளைச் சாகடிக்கும் நோக்கமுள்ள ஆய்வுகளுக்கு அனுமதி இல்லை. செடிகள், மண், வானியல், கணிதம், கணினித் துறைகளில் பெரும்பாலும் இந்தச் சுமை குறைவு என்பதால், ஆசிரியர் துணை குறைந்த பள்ளிகள் அவற்றிலிருந்து தொடங்கலாம்.

காட்சிப் பலகையில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

ஐசெஃப் விதிப்படி காட்சியின் அகலம் 122 செ.மீ., ஆழம் 76 செ.மீ., தரையிலிருந்து உயரம் 274 செ.மீ. ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. உயிருள்ள எதையும், மண், கல், வேதிப்பொருள், உணவு, நீர் மாதிரி போன்றவற்றையும் வைக்க முடியாது. ஆகவே தேற்றான்கொட்டை ஆய்வாளர் தெளிந்த நீர்க் குடுவையை எடுத்துச் செல்ல முடியாது, புகைப்படம்தான் வழி. அந்தப் புகைப்படத்தை எடுத்தவர் யார் என்பதையும் அருகில் குறிப்பிட வேண்டும். முன்பு வாங்கிய பதக்கங்கள், நிறுவனச் சின்னங்கள், நன்றியுரை ஆகியவற்றுக்கும் பலகையில் இடமில்லை. நடுவரின் மனத்தை அவை முன்கூட்டியே சாய்த்துவிடக் கூடாது என்பதே காரணம்.

மாவட்டக் கண்காட்சியில் இவ்வளவு கெடுபிடி இருக்காது. ஆனால் தெர்மாகோல், ஜிகினா, வண்ண விளக்கு ஆகியவற்றுக்கு அங்கேயும் தனி மதிப்பெண் கிடையாது. அலகு குறித்த அச்சுகளோடு கூடிய இரண்டு வரைபடங்களும், மூன்றடி தொலைவிலிருந்து படிக்கக்கூடிய எழுத்தும் இருந்தால் போதும்.

ஆய்வுக் குறிப்பேடு கட்டாயமா?

குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் கட்டாயம். ஐசெஃப்பிலும் நடுவர்கள் அதை விரும்பிப் புரட்டுவார்கள். தேதியிட்டு, அன்றன்று கையால் எழுதிய, அடித்தல் திருத்தல் உள்ள குறிப்பேடே நம்பத்தக்கது. போட்டிக்கு முந்தைய வாரம் ஒரே மையில் அழகாகப் படியெடுத்த குறிப்பேட்டை அனுபவமுள்ள நடுவர் பார்த்தவுடன் கண்டுகொள்வார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

எந்தக் கருவியை எந்த வேலைக்குப் பயன்படுத்தினோம் என்பதைக் குறிப்பேட்டிலும் அறிக்கையிலும் வெளிப்படையாக எழுத வேண்டும். அந்தந்தப் போட்டி எந்த அளவுக்கு அனுமதிக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 250 சொற்களுக்குள் அமைய வேண்டிய ஆய்வுச் சுருக்கத்தைக் கருவியைக் கொண்டு எழுதவைத்தவர், அதிலுள்ள ஒரு சொல்லுக்கு நடுவர் பொருள் கேட்டால் என்ன செய்வார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆங்கிலம் சரளமாக வராத மாணவர் பின்தங்குவாரா?

குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் மாணவர்கள் தம் மொழியிலேயே அறிக்கை எழுதவும் பேசவும் செய்கிறார்கள். ஐசெஃப்பிலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். மதிப்பெண் கருத்துத் தெளிவுக்கே தரப்படுகிறது. உச்சரிப்புக்கு அங்கே தனி இடமில்லை.

நடுவர்கள் யார்? அவர்களுடைய மதிப்பெண்கள் எப்படி ஒன்றுசேர்க்கப்படுகின்றன?

மாவட்ட அளவில் கல்லூரி ஆசிரியர்களும் மூத்த பள்ளி ஆசிரியர்களும் அமர்கிறார்கள். ஐசெஃப்பில் முனைவர் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி, இல்லையேல் துறையில் ஆறு ஆண்டுத் தொழில் அனுபவம் எதிர்பார்க்கப்படுகிறது. போட்டி 22 துறைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒருவர் தம் துறைக்குள்தான் மதிப்பிடுவார். மாணவர்கள் இல்லாத நேரத்தில் நடுவர்கள் அரங்குக்குள் சென்று பலகைகளையும் சுருக்கங்களையும் படித்துவிடுவார்கள்; நேர்காணல் நாளில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உள்ளே இடமில்லை.

ஓர் ஆய்வைப் பல நடுவர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒருவர் இயல்பாகவே தாராளமாக மதிப்பெண் இடுவார், மற்றொருவர் கறாராக இருப்பார் என்பதால், எண்களைக் கூட்டிப் பார்த்து முடிவை அறிவிப்பதில்லை. துறைவாரியாக நடுவர்கள் ஒன்றுகூடி, எண்களைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு விவாதிக்கிறார்கள். தன் கண்ணுக்குப் பட்ட சிறப்பை ஒருவர் எடுத்துச் சொல்ல, மற்றவர் கண்ட குறையை வைத்து மறுக்க, அதன்பின் வரிசை முடிவாகிறது. மாணவர் ஒரு நடுவரிடம் சொன்ன நல்ல விடை, அவர் இல்லாத அந்த அறையில் அவருக்காகப் பேசப்படுகிறது என்பதால், எல்லா நடுவர்களிடமும் ஒரே விடையைப் பொறுமையாகத் திரும்பச் சொல்வது வீண் வேலை ஆகாது. ஒவ்வொரு துறையிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆய்வுகளுக்கு முதலிடம் தொடங்கி நான்காம் இடம்வரை பரிசுகள் கிடைக்கின்றன. இவற்றைத் தவிர, அறிவியல் அமைப்புகள் தம் சொந்த நடுவர்களைக் கொண்டு தனிப் பரிசுகளும் வழங்குகின்றன.

உள்ளூர்க் கண்காட்சிகளில் இத்தகைய விவாதத்துக்குப் பெரும்பாலும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. இரண்டு நடுவர்கள் நூறு மேசைகளைப் பார்க்கும் நிலையில் ஒரு மேசைக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. ஆதலால் அங்கே முடிவு ஏமாற்றம் தந்தால், அதை ஆய்வின் தரத்துக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மதிப்பெண் படிவத்தைக் காட்டச் சொல்லிப் பணிவாகக் கேட்கலாம். சில அமைப்பாளர்கள் தருவார்கள்.

அதே ஆய்வை அடுத்த ஆண்டும் அனுப்பலாமா?

அப்படியே அனுப்ப முடியாது, வளர்த்து அனுப்பலாம். ஐசெஃப்பில் ஓர் ஆய்வில் தொடர்ச்சியாக 12 மாதங்களுக்குள் செய்த வேலை மட்டுமே மதிப்பிடப்படும். முந்தைய ஆண்டின் தொடர்ச்சி என்றால், அப்போது செய்தது எது, இப்போது புதிதாகச் செய்தது எது என்று பிரித்துக் காட்டும் தனிப் படிவத்தையும் இணைக்க வேண்டும். சென்ற ஆண்டின் சோதனையை அதிக எண்ணிக்கையில் திரும்பச் செய்தால் போதாது. கேள்வி ஒரு படி நகர்ந்திருக்க வேண்டும். கலங்கலை மட்டும் அளந்த மாணவர், அடுத்த ஆண்டு தேற்றான்கொட்டையின் எந்தப் பகுதி துகள்களைத் திரளவைக்கிறது என்று பிரித்தெடுத்துப் பார்த்தாலோ, தெளிந்த நீரை மூன்று நாள் வைத்து அதில் நுண்ணுயிர் எப்படிப் பெருகுகிறது என்று உரிய ஆய்வகத்தில் அளந்தாலோ, அது புதிய ஆய்வாகவே ஏற்கப்படும்.